ஐந்து ஆட்கள், ஒன்பது தொழில்: என் திட்டம் எங்கே பிழைக்கிறது?

கொட்டகலைக்குளிர்

எல்லோருக்கும் வணக்கம். வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் கிளாசிக் (அந்த இணைய விளையாட்டின் பழைய பதிப்பு) ஆடுகிறவர்கள் நம் மலையகத்தில் என்னைத் தவிர இன்னும் சிலர் இருக்கிறீர்கள் என்று போன மாதம்தான் தெரிந்தது. அதனால் வெளிநாட்டுத் தளங்களில் போய் நிற்காமல் இங்கேயே கேட்கிறேன்.

முதலில் என் நிலைமை. ஹட்டனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டு கொம்பியூட்டர் முன்னால் உட்கார ஒன்பதரை ஆகும். பதினொன்றுக்குப் படுக்க வேண்டும். ஞாயிறு மட்டும் கொஞ்சம் கூட. இடையில் இடி முழங்கினால் அம்மா வந்து பிளக்கைக் கழற்றிவிடுவார், அதற்கு மேல் பேச்சில்லை. நான் இருப்பது ஐரோப்பிய சேர்வர். அங்கே இரவு எட்டு மணிக்கு ரெய்டு (கூட்டமாகப் போகும் பெரிய சண்டை) என்றால் குளிர்காலத்தில் நமக்கு நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டரை. ஆகவே ரெய்டு எனக்கு இல்லை. தனியாக ஆடுகிறேன், அதில் குறையும் இல்லை.

குறை தங்கத்தில்தான், அதாவது விளையாட்டுக் காசில். மருந்து, பை, ஆயுதம் என்று எல்லாவற்றையும் ஏலத்தில் வாங்கியே கை காலியாகிறது. எனவே ஒரு முடிவுக்கு வந்தேன்: இனி வெளியில் எதையும் வாங்குவதில்லை, எல்லாத் தொழிலும் என் வீட்டுக்குள்ளேயே. கிளாசிக்கில் முதன்மைத் தொழில் ஒன்பது, ஓர் ஆளுக்கு (விளையாட்டுப் பாத்திரத்துக்கு) இரண்டு. ஐந்து பேர் இருந்தால் பத்து இடம். ஒன்பதும் அடங்கி ஓர் இடம் மிஞ்சும்.

என் மெயின், அதாவது முதன்மை ஆள், குள்ள வொரியர், லெவல் 52. அவனுக்கு மைனிங்கும் கொல்லுவேலையும். ஹண்டர் லெவல் 24, அவனுக்கு மூலிகையும் தோலுரித்தலும், எப்படியும் காட்டில்தானே திரிகிறான். மேஜ் (மந்திரக்காரி) லெவல் 21, தையலும் எஞ்சினியரிங்கும். பிரீஸ்ட் லெவல் 9, அயன்ஃபோர்ஜ் நகரத்தில் உட்கார்ந்தபடி அல்கெமியும் (மருந்து காய்ச்சுதல்) என்சான்டிங்கும் (பொருளுக்கு மந்திரம் போடுதல்) பார்த்துக்கொள்வாள். ரோக் (மறைந்து திரிகிறவன்) லெவல் 6, தோல்வேலை. மிஞ்சிய ஓர் இடமும் அவனிடம்தான்.

கொப்பியில் கட்டம் போட்டுப் பார்த்தால் அழகாக இருக்கிறது. ஆனால் அழகாக இருக்கிற கணக்கில்தான் பிழை இருக்கும் என்று என் முதலாளி சொல்வார். எங்கே பிழைக்கிறது என்று சொல்லுங்கள்.

இரவுரயில்

மச்சான், ஃபைனல் ஃபேன்டசி 14க்கு வந்துவிடு. ஒரே ஆள் எட்டுச் செய்தொழிலையும் மூன்று சேகரிப்புத் தொழிலையும் கற்றுக்கொள்ளலாம். உடுப்பை மாற்றினால் தொழில் மாறும். கொப்பியும் வேண்டாம், கட்டமும் வேண்டாம்.

ஹட்டன்பனி

ரயில் தம்பி வழக்கம்போலத் தடம் மாறிப் போகிறார், விடுங்கள்.

குளிர், நாம் ஒரே சேர்வர், ஒரே அலையன்ஸ் பக்கம் என்று நினைக்கிறேன், சந்தோஷம். கட்டத்தில் நாலு ஓட்டை இருக்கிறது. பெரியதிலிருந்து வருகிறேன்.

பிரீஸ்ட்டுக்கு லெவல் 9. செய்தொழில் கற்க லெவல் 5 போதும், ஆனால் அதோடு திறன் 75 புள்ளி வரைதான். 150 வரை போக லெவல் 10 வேண்டும், 225க்கு லெவல் 20, 300க்கு லெவல் 35. அவள் அயன்ஃபோர்ஜில் உட்கார்ந்தபடியே அல்கெமி பார்ப்பாள் என்றால் 75இல் நின்றுவிடுவாள். அந்த மருந்தைக் குடிக்கிற வயதை உன் வொரியர் எப்போதோ தாண்டிவிட்டான். அல்கெமிக்கு யாரை வைத்தாலும் அவரை 35 வரை நடத்திக் கூட்டிப் போக வேண்டும். அப்புறமும் அலையன்ஸ் ஆளுக்குக் கடைசிப் படியைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை இருப்பது ஃபெராலாஸ் என்ற காட்டுப் பகுதியில், ஃபெதர்மூன் கோட்டையில். 35இல் அந்தப் பக்கம் போவது சும்மா காரியம் இல்லை. ரோட்டை விட்டு இறங்காதே.

அடுத்தது ஹண்டர். மூலிகையும் தாதுவும் மினிமேப்பில் புள்ளியாகத் தெரிய ஒவ்வொன்றுக்கும் தனித் தேடல் இருக்கிறது, ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் போட முடியும். இது உனக்குத் தெரிந்திருக்கும், அதனால்தான் மைனிங்கையும் மூலிகையையும் ஒரே ஆளிடம் கொடுக்கவில்லை. நல்லது. ஆனால் ஹண்டர் மிருகங்களைத் தேடுவதும் அதே இடத்தில்தான் வருகிறது. மூலிகையைப் போட்டால் மிருகம் தெரியாது, மிருகத்தைப் போட்டால் மூலிகை தெரியாது. தோலுரித்தலுக்குத் தேடல் எதுவும் தேவையில்லை, இடுப்பில் ஒரு கத்தி போதும். ஆகவே ஹண்டருக்குத் தோலுரித்தலும் தோல்வேலையும். மூலிகையை ரோக்கிடம் கொடு. மறைந்து போய்ப் பறித்துவிட்டு மறைந்தே வரலாம்.

மற்ற இரண்டு ஓட்டை என்சான்டிங்கும் எஞ்சினியரிங்கும். அதைக் கூடை அக்கா என்னைவிட நன்றாகச் சொல்வார்.

கொட்டகலைக்குளிர்

அண்ணே, லெவல் கட்டுப்பாடு விஷயம் தெரியவே தெரியாது. பிரீஸ்ட்டுக்கு அல்கெமி எடுத்து 68 வரை ஏற்றியும் விட்டேன். இப்போது அதை விட்டுவிட்டு வேறு எடுத்தால், பிறகு வேண்டுமென்றால் 68இலிருந்து தொடரலாமா?

ஹட்டன்பனி

முடியாது. விட்டால் புள்ளியும் போகும், கற்ற செய்முறைகளும் போகும். மறுபடி ஒன்றிலிருந்து. கவ்வாத்து வெட்டினால் தேயிலை துளிர்க்கும், இது துளிர்க்காது. 68 என்பதால் பெரிய இழப்பில்லை, ஆனால் அவசரப்பட்டு வெட்டாதே.

கொழுந்துக்கூடை

கூப்பிட்டதால் வந்தேன். மஸ்கெலியாவில் மூன்று நாளாக நெட் இல்லை, அதனால்தான் தாமதம்.

தம்பி, உன் கொப்பியில் ஒன்பது தொழிலையும் ஒரே மாதிரிக் கட்டத்தில் போட்டிருக்கிறாய். பிழை அங்கேதான். அவை ஒரே சாதிப் பொருள் இல்லை. ஒவ்வொரு தொழிலையும் எடுத்து ஒரே ஒரு கேள்வி கேள்: இதன் பயன் தபாலில் போகுமா, போகாதா?

எங்கள் அம்மா கொழுந்து பறித்தவர். பறிக்கிறவர் ஒரு மலையில், நிறுப்பது மடுவத்தில், அரைப்பது பெக்டரியில், விற்பது கொழும்பு ஏலத்தில். நாலு இடம், நாலு ஆட்கள். அப்படிப் பிரித்தும் வேலை ஓடுவதற்குக் காரணம் கொழுந்து லொறியில் ஏறும் என்பதுதான். பறிக்கிற கையை லொறியில் ஏற்றி அனுப்ப முடியாது இல்லையா? உன் விளையாட்டிலும் அப்படித்தான். தாது, மூலிகை, தோல், துணி, மருந்து, பை எல்லாம் கொழுந்து மாதிரி, தபாலில் ஏறும். யார் பறித்தாலும் யார் செய்தாலும் ஒன்றுதான். ஆனால் இரண்டு தொழில்கள் கை மாதிரி.

ஒன்று எஞ்சினியரிங். கையெறி குண்டை மேஜ் செய்து வொரியருக்கு அனுப்பலாம், வந்தும் சேரும். ஆனால் அதை எறிய வொரியருக்கே எஞ்சினியரிங் தெரிந்திருக்க வேண்டும். கொப்ளின் சாப்பர் சார்ஜ் என்ற வெடியும் அப்படித்தான். மேஜிடம் எஞ்சினியரிங் இருந்தால் மேஜ்தான் எறிவார். உனக்குத் தேவை வொரியர் கையில். ஆகவே அது மெயினிடம்தான் இருக்க வேண்டும், மைனிங் அதற்குப் பக்கத்துணை.

இரண்டாவது என்சான்டிங், இதில்தான் எல்லோரும் விழுவார்கள். நானும் விழுந்தேன். கிளாசிக்கில் மந்திரத்தைச் சுருளில் எழுதித் தபாலில் அனுப்பும் வசதி இல்லை. அது 2008இல் ரேத் ஒஃப் த லிச் கிங் என்ற பிந்திய தொகுப்பின் காலத்தில்தான் வந்தது. கிளாசிக்கில் இருவரும் நேருக்கு நேர் நின்று, பொருளை வியாபாரப் பெட்டியில் காட்டி, அங்கேயே மந்திரத்தைப் போட வேண்டும். உன்னிடம் இருப்பது ஒரே எக்கவுண்ட். பிரீஸ்ட் உள்ளே வந்தால் வொரியர் வெளியே, வொரியர் வந்தால் பிரீஸ்ட் வெளியே. இருவரும் ஒருநாளும் சந்திக்கப்போவதில்லை. வொரியரின் வாள் அவனோடு பிணைந்த பொருள், தபாலிலும் போகாது. நான் மூன்று மாதம் என் பிரீஸ்ட்டை வளர்த்து, முதல் நாள் மந்திரம் போடப் போனபோதுதான் இது உறைத்தது. நடுராத்திரியில் தனியாகச் சிரித்தேன், அம்மா எழுந்து வந்து பார்த்தார்.

அதற்காக என்சான்டிங் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆல்ட்டிடம் (மெயின் அல்லாத ஆளிடம்) இருக்கிற என்சான்டிங், பொருளை உடைத்துத் தூளாக்க உதவும், அந்தத் தூள் நன்றாக விலை போகும். மெயினுக்கு மந்திரம் போடும் ஆள் என்று மட்டும் எண்ணாதே. உன் வாளுக்கு வேண்டும் என்றால் என்னிடம் வா, என் பிரீஸ்ட் வேறு யாருக்குத்தான் போடப்போகிறாள்? தூளை நீ கொண்டு வா.

கொட்டகலைக்குளிர்

அக்கா, கட்டத்தை அழித்துவிட்டேன்.

அப்படியானால் மேஜுக்குத் தையலோடு என்சான்டிங்கும் சேர்த்துவிடலாமா? தையல்காரிக்குச் சேகரிப்புத் தொழில் தேவையில்லை, துணி எதிரிகளிடமே கிடைக்கிறது. பயிற்சிக்காகத் தைத்த உடுப்பில் பச்சைத் தரத்தில் (சாதாரணத்தைவிட ஒரு படி மேல்) வருவதையெல்லாம் உடைத்துத் தூளாக்கலாம்.

கொழுந்துக்கூடை

அதுதான் எல்லோரும் வந்து சேரும் இடம். ஒரு சின்ன எரிச்சல் மட்டும் இருக்கிறது. லினன் 2 துண்டுக்கு ஒரு சுருள், கம்பளி 3க்கு ஒன்று, பட்டு 4க்கு ஒன்று. அந்தச் சுருளைத் தையல் தெரிந்தவர்தான் சுற்ற முடியும். ஆகவே வொரியர் பட்டுத் துணியை அப்படியே நாலு மடங்குப் பாரமாகத்தான் அனுப்ப வேண்டும். ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை, அதே கணக்கு. கொழுந்து வாடிப்போகும் என்பதால் பெக்டரியைத் தோட்டத்திலேயே கட்டினார்கள். உன் பட்டு வாடாது, பை மட்டும் நிறைந்துவிடும். அதனால் முதல் வேலையாகப் பை தை.

எல்லாத் துணியையும் தையலுக்கே கொடுத்துவிடாதே, முதலுதவிக்கும் அதே துணிதான். சமையல், மீன்பிடி, முதலுதவி மூன்றும் அந்த இரண்டு இடக் கணக்கில் வராது. ஐந்து பேரும் மூன்றையும் கற்கலாம், ஆனால் ஐந்து பேருக்கும் கட்டுத்துணி செய்யப் போனால் தையல் பட்டினி கிடக்கும். மெயினுக்கு மட்டும் போதும்.

ஊவாக்காற்று

நல்ல இழை. பண்டாரவளையிலிருந்து ஒரு கை.

எல்லோரும் எந்தத் தொழில் யாருக்கு என்றே பேசுகிறீர்கள். ஒன்றரை மணி நேரம் மட்டும் ஆடுகிறவருக்கு அதைவிட முக்கியம் கூல்டவுன், அதாவது சில பொருளை ஒருமுறை செய்தால் மறுபடி செய்யக் காத்திருக்க வேண்டிய நேரம். நீங்கள் தூங்கும்போதும் கடையில் கணக்கு எழுதும்போதும் ஓடுகிற ஒரே சம்பாத்தியம் அதுதான்.

அல்கெமிக்காரர் ஒரு தோரியம் கட்டியையும் ஓர் ஆர்கேன் கிறிஸ்டலையும் ஆர்கனைட் என்ற உயர்ந்த உலோகமாக மாற்றலாம், 2 நாளுக்கு ஒருமுறை. அல்கெமி 275 வேண்டும், கையில் ஃபிலொசஃபர்ஸ் ஸ்டோன் என்ற கல் இருக்க வேண்டும், செய்முறையைக் கட்ஜெட்சான் ஊரில் பெஸல்சக் என்ற வியாபாரி விற்கிறார். தையல்காரர் ஃபெல் துணி இரண்டை மூன்கிளொத் என்ற உயர்ரகத் துணியாக்கலாம், 4 நாளுக்கு ஒருமுறை. அதற்குத் தையல் 250. அதோடு நிலாக் கிணற்றருகே நின்று செய்ய வேண்டும். அலையன்ஸுக்கு ஸ்டோர்ம்விண்ட் நகரப் பூங்காவிலேயே கிணறு இருக்கிறது, மேஜ் லெவல் 20 தாண்டியவர் என்பதால் மந்திரத்திலேயே அங்கே போய் இறங்கலாம். தோல்வேலைக்கும் உப்பு சுத்திகரிக்கிற கருவி ஒன்று உண்டு, 3 நாள். கருவியைச் செய்வது எஞ்சினியர், பயன்படுத்துவது தோல்வேலைக்காரர். பார்த்தீர்களா, உங்கள் வொரியர் ஹண்டருக்குச் சாமான் செய்து அனுப்புகிறார்.

இப்போது கணக்கு. மாதம் 30 நாள், ஆர்கனைட் 15 என்று கொப்பியில் எழுதுவீர்கள். எழுதாதீர்கள். திங்கள் 9.40க்குச் செய்தால் புதன் 9.40க்குத்தான் மறுபடி. புதன் நீங்கள் உட்கார 10.10 ஆகிவிட்டால் வெள்ளி 10.10. இப்படி நேரம் பின்னால்தான் தள்ளிப் போகும், முன்னால் ஒருநாளும் வராது. பதினொன்றைத் தாண்டியதும் அன்றிரவு தவறும், மறுநாள்தான். நான் இரண்டு வருடம் எழுதி வைத்துப் பார்த்தேன், மாதம் 12 வந்தால் அது நல்ல மாதம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் போனபோது என் குறிப்பில் அந்த வாரத்துக்கு ஒன்றும் இல்லை, ஒரு கோடு மட்டும் இருக்கிறது.

தள்ளிப்போனால் மறுநாள் காலை ஆறு மணிக்கு, தேத்தண்ணி கொதிக்கிற நேரத்தில் உள்ளே வந்து செய்துவிடுங்கள். ஐந்து நிமிடம். அப்புறம் அது காலை வேலையாகிவிடும், காலைக்கு இரவைவிட ஒழுங்கு அதிகம்.

பிரட்டுக்களம்

இதெல்லாம் விளையாட்டா, இரண்டாவது வேலையா?

ஊவாக்காற்று

முதல் வேலையில் ஆர்கனைட் தருவதில்லையே.

ஹட்டன்பனி

காற்று சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். மிஞ்சிய அந்தப் பத்தாவது இடத்தில் இரண்டாவது அல்கெமி வைக்கலாம். ஒரு வீட்டில் இரண்டு அல்கெமி என்றால் ஆர்கனைட் இரட்டிப்பு. அதனால் கொல்லுவேலையை அடியோடு விட்டுவிடு என்பேன். வொரியரிடமிருந்து எடுத்துவிட்டோம், வேறு யாரிடமும் வைக்காதே. ஒன்பதிலும் அதிகம் விழுங்குவது அதுதான். 300 வரை ஏற்றத் தோரியத்தை அள்ளிக் கொட்ட வேண்டும். ஆசைப்படுகிற தலைக்கவசம், லயன்ஹார்ட் மாதிரி, அணிந்த பிறகுதான் பிணையும். அதை வேறு கொல்லரிடம் செய்வித்தும் வாங்கலாம், ஏலத்திலும் எடுக்கலாம். கூடை அக்கா கணக்குப்படியே அது தபாலில் போகிற பொருள். அப்புறம் ஏன் உன் வீட்டில் செய்ய வேண்டும்?

இன்னொன்றும் உண்டு. தொழில் ஏற்றும்போது செய்கிற பொருளையெல்லாம் ஏலத்தில் போட்டுக் காசாக்கலாம் என்று நினைக்காதே. எல்லோரும் அதே படியில் அதே கவசத்தைத்தான் அடித்துக் குவிக்கிறார்கள். ஏலத்தில் அந்தக் கவசத்தின் விலை அதற்குள் போன இரும்பின் விலையைவிடக் குறைவாக இருக்கும். மேலே விற்பனையில் 5 வீதம் ஏலக்காரருக்கு. இரும்பை இரும்பாகவே விற்றிருந்தால் கையில் காசு நின்றிருக்கும். எல்லாம் வீட்டிலேயே செய்வேன் என்று கிளம்பியவர்கள் பாதிப் பேர் இப்படித்தான் வீட்டிலேயே ஏழையானார்கள்.

கொட்டகலைக்குளிர்

அண்ணே, மற்ற எல்லாவற்றிலும் உங்கள் பேச்சைக் கேட்கிறேன். கொல்லுவேலையை மட்டும் விட மாட்டேன். எங்கள் தாத்தா தோட்டத்தில் கவ்வாத்துக் கத்தி சாணை பிடித்துக் கொடுத்தவர். அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.

புதுக் கட்டம். வொரியருக்கு மைனிங், எஞ்சினியரிங். ஹண்டருக்குத் தோலுரித்தல், தோல்வேலை. மேஜுக்குத் தையல், என்சான்டிங். ரோக்குக்கு மூலிகை, கூடவே அல்கெமி, அவனைத்தான் 35 வரை கூட்டிப் போகப் போகிறேன். மறைந்து போகிறவன் என்பதால் ஃபெராலாஸ் ரோட்டிலும் உயிரோடு வருவான் என்று நம்பிக்கை. பிரீஸ்ட்டுக்கு 68 புள்ளி அல்கெமி இருக்கிறது, அது அப்படியே தூங்கட்டும், பிறகு இரண்டாவது அல்கெமி அவள்தான். அவளுடைய மற்ற இடத்தில் என்சான்டிங்குக்குப் பதில் கொல்லுவேலை. ஆமாம், அயன்ஃபோர்ஜில் வெள்ளை அங்கியோடு சம்மட்டி பிடிக்கிற பிரீஸ்ட். சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.

முதலில் 35 வரை ஏற்ற வேண்டியவர்கள் மேஜும் ரோக்கும் மட்டும். ஹண்டர் போகிற வேகத்தில் போகட்டும்.

ஊவாக்காற்று

நல்ல கட்டம். ஒரே ஒரு எச்சரிக்கை: ரோக் அல்கெமியில் ஃபிளாஸ்க் என்ற உயர்தர மருந்தைச் செய்து பணக்காரனாவான் என்று கனவு காணாதீர்கள். கிளாசிக்கில் ஃபிளாஸ்க் காய்ச்ச அல்கெமி மேடை வேண்டும், அது ஸ்கொலோமன்ஸ், பிளாக்விங் லெயர் என்ற ஆபத்தான இடங்களில்தான் இருக்கிறது. லெவல் 35 ரோக் அங்கே போனால் மருந்து காய்ச்ச மாட்டார், அவரைத்தான் காய்ச்சுவார்கள். ஒரு ஃபிளாஸ்க்குக்கு பிளாக் லோட்டஸ் என்ற அரிய மூலிகை ஒன்று வேறு போகும். ஆர்கனைட்டோடு நிறுத்துங்கள்.

இரவுரயில்

சரி, இப்போது நான் வோர்கிராஃப்ட் பக்கமே பேசுகிறேன். கிளாசிக்கை விட்டுப் புதிய பதிப்புக்குப் போனால் 2024இல் த வோர் விதின் தொகுப்பையொட்டி வோர்பேண்ட் பேங்க் வந்துவிட்டது. எல்லா ஆல்ட்டுக்கும் ஒரே பேங்க். மேஜ் போட்ட துணியை ரோக் எடுக்கலாம், தபாலே வேண்டாம். நீங்கள் ஏன் 2004ஆம் ஆண்டு விதியில் நின்றுகொண்டு முப்பது கடிதம் அனுப்புகிறீர்கள்?

கொழுந்துக்கூடை

ரயிலுக்குப் பதில்: கட்டுப்பாடு இருப்பதால்தான் இந்தக் கொப்பியும் கட்டமும். எல்லாம் எல்லோரிடமும் இருந்தால் திட்டம் போட என்ன இருக்கிறது? எனக்குப் பாதி விளையாட்டு இந்தக் கொப்பியில்தான். கடிதம் அனுப்புகிற வேலை பிடிக்காதவர்களுக்குப் புதிய பதிப்பு உண்மையிலேயே நல்லது, அதில் சண்டை இல்லை.

குளிர் தம்பி, கடிதம் என்றதும் ஞாபகம் வருகிறது. தபால்பெட்டியைப் பேங்காக வைத்துக்கொள்ளாதே. பேங்கில் இடம் இல்லை என்று ஆல்ட்டுகளுக்குள் மாற்றி மாற்றி அனுப்பி அங்கேயே விட்டுவைக்கிற பழக்கம் எல்லோருக்கும் வரும். 30 நாளில் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பும், திரும்பியதையும் எடுக்காமல் விட்டால் அழியும். தங்கையின் கல்யாண வேலையில் இரண்டரை மாதம் நான் உள்ளே வரவில்லை. வந்து பார்த்தால் பிரீஸ்ட்டுக்கு அனுப்பி வைத்திருந்த இல்யூஷன் டஸ்ட் (மந்திரத் தூள்) அத்தனையும் காணோம். கல்யாணம் நன்றாக நடந்தது.

கொட்டகலைக்குளிர்

ஆறு வாரத்துக்குப் பிறகு வருகிறேன்.

மேஜ் 35ஐத் தொட்டாள். தேரமோர் ஊரில் தையல் கடைசிப் படி கற்று, வேண்டிய 250ஐயும் தாண்டி இப்போது 262. முதல் மூன்கிளொத்தை நேற்றுச் செய்தேன். செய்முறையை எவர்லுக் ஊரில் கியா என்ற வியாபாரியிடம் வாங்க வொரியரைத்தான் அனுப்பினேன், நாலு முறை போனேன், நாலாவது முறைதான் இருந்தது. வாங்கி மேஜுக்குத் தபாலில் போட்டேன். அக்கா சொன்ன அந்த ஒரு கேள்வியை இப்போது எதை எடுத்தாலும் கேட்டுக்கொள்கிறேன்.

ஃபெல் துணிக்கு ஃபெல்வுட் காட்டின் சாட்டிர் அரக்கர்களிடம் இரண்டு ஞாயிறு போயிற்று. இதை வெளியில் வாங்கினால் என்ன விலை என்று பார்த்தேன், ஹட்டன் அண்ணே சொன்னது சரிதான், என் நேரத்துக்கு வாங்கியிருப்பதே மலிவு. ஆனால் மழை பெய்கிற ஞாயிற்றுக்கிழமையில் எனக்கு வேறு என்ன வேலை?

ரோக் இன்னும் 31. ஃபெராலாஸுக்குப் போகவில்லை. ஆகவே ஆர்கனைட் கணக்கு இன்னும் பூச்சியம். காற்று அண்ணே, நீங்கள் சொன்ன காலை ஆறு மணியை மூன்கிளொத்துக்கு வைத்துப் பார்க்கிறேன். அம்மா சந்தேகப்படுகிறார், இவன் ஏன் இவ்வளவு நேரத்தோடு எழும்புகிறான் என்று.

வாளுக்குக் கூடை அக்கா மந்திரம் போட்டுக் கொடுத்தார். அயன்ஃபோர்ஜ் பேங்க் வாசலில் பத்து நிமிடம் நின்று பேசினோம். கிளாசிக்கில் நான் ஒருவரோடு நின்று பேசியது அதுதான் முதல் தடவை.

வெள்ளை அங்கிக் கொல்லச்சி லெவல் 20 ஆனாள், கொல்லுவேலை 204. எதற்கென்று இன்னும் தெரியவில்லை.

பிரட்டுக்களம்

நான் நேற்று ஒரு குட்டி ஆள் தொடங்கினேன். லெவல் 5. மூலிகையும் மைனிங்கும் எடுத்திருக்கிறேன். இரண்டையும் ஒன்றாகப் பார்க்க முடியாது என்று மேலே எழுதியிருப்பதை இப்போதுதான் வாசித்தேன்.

ஊவாக்காற்று

இரண்டாவது வேலைக்கு வரவேற்கிறோம். ஒன்றை இப்போதே விடுங்கள், லெவல் 5இல் இழக்க ஒன்றும் இல்லை.

ஹட்டன்பனி

குளிர், ஒரு சின்ன விஷயம். தனியாக மெசேஜ் போடலாம் என்று பார்த்தேன், பரவாயில்லை, இங்கேயே கேட்கிறேன்.

நானும் ஒரு மேஜை என்சான்டிங்கில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். 200க்கு வந்ததும் ட்ரூசில்வர் தண்டு கேட்கிறது. கொல்லர்தான் அடிக்க வேண்டும், கடையில் விற்பதில்லை. ஏலத்தில் நாலு நாளாகப் பார்க்கிறேன், ஒன்றுகூட இல்லை. உன் பிரீஸ்ட்டுக்கு 204 என்றாயே.

கொட்டகலைக்குளிர்

அண்ணே, வாசித்ததும் கடையில் சத்தமாகச் சிரித்துவிட்டேன், முதலாளி நிமிர்ந்து பார்த்தார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அயன்ஃபோர்ஜ் பெரிய உலைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். வெள்ளை அங்கியை வைத்து அடையாளம் தெரியும். ட்ரூசில்வர் கட்டியை நீங்கள் கொண்டுவர வேண்டும். சாணைக்கல் என் செலவு.